ராமானுஜனைக் கொன்ற நோய் எது?

1920-ம் ஆண்டு சித்திரை மாதம். சென்னை சேத்துப்பட்டில் கோமெட்ரா என்ற பங்களா. நகரின் பெரிய காண்ட்ராக்டரான நம்பெருமாள் செட்டியார் நோயாளி ஒருவருக்காக மனமுவந்து கொடுத்த வீடு அது.

உள்ளே கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒருவர் படுத்திருக்கிறார். வயது 32-தான். வயிற்றில் வலி கிளம்பும்போது அவர் உடம்பு வில்லாய் வளைகிறது. 21 வயது மனைவி ஜானகி ஓடி வந்து, நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒத்தடம் கொடுக்கிறாள். வலி கொஞ்சம் அடங்குகிறது. உடனே நோயாளியின் கை எதைத் தேடுகிறது? மருந்தை அல்ல, தண்ணீரை அல்ல. காகிதத்தையும் பென்சிலையும் தேடுகிறது!

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன். சீமையிலே ராயல் சொஸைட்டி அங்கத்தினர், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ என்ற பெரிய விருதுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அவரைப் பார்த்த டாக்டர்கள் எத்தனையோ பேர். ஒருவர் வயிற்றுப் புண் என்றார். ஒருவர் புற்றுநோயோ என்று அஞ்சினார். இரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறது என்றும் ஒரு முடிவு வந்தது. கடைசியில் க்ஷயம் என்று தீர்ந்தது. ஏப்ரல் 26-ந் தேதி ராமானுஜன் காலமானார். க்ஷயரோகத்தால் இறந்தார் என்று உலகம் எழுதி வைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படியே படித்தார்கள்.

அது சரிதானா? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால், ராமானுஜனின் வாழ்க்கையையே இன்னொரு முறை, ஒரு வைத்தியரின் கண்கொண்டு, முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

காஞ்சியில் கழிந்த பிள்ளைப் பருவம்

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில். நாள் 1887 டிசம்பர் 22. தந்தையார் சீனிவாச ஐயங்காருக்குக் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா வேலை. புடவைகளுக்குக் கணக்கு எழுதியே காலம் தள்ளியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார்.

குழந்தைக்கு 2 வயது நிறையும் சமயத்தில் அம்மை போட்டது. அந்தக் காலத்து அம்மையில் பிழைப்பதே மறு பிறவி. ராமானுஜன் பிழைத்தான். முகத்தில் தழும்புகள் மட்டும் தங்கிவிட்டன.

பின்பு தாயாரோடு காஞ்சிபுரம் வந்தான். பாட்டனார் அப்போது காஞ்சிக் கோர்ட்டில் உத்தியோகத்தில் இருந்தார். ஒரு பக்கம் ஏகாம்பரநாதர், இன்னொரு பக்கம் வரதராஜப் பெருமாள், தெருவுக்குத் தெரு தறிச்சத்தம். இப்படிப்பட்ட ஊரிலே பிள்ளைப் பருவத்தில் கொஞ்ச காலம் கழிந்தது. காஞ்சியைச் சுற்றிலும் ஏரிகள். மேற்கே தாமல் ஏரி, கிழக்கே தென்னேரி என்று கரை காணாத நீர்ப்பரப்புகள். ஏரியும் குளமும் கிணறுமே மக்களுக்குத் தண்ணீர் கொடுத்தன. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று அந்நாளில் யார் நினைத்தார்கள்? தெளிந்திருந்தால் நல்ல தண்ணீர், அவ்வளவுதான்.

1891-லும் 1894-லும் கோமளத்தம்மாளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டுமே ஆண்டு நிறைவு காணவில்லை. அம்மையும் பேதியும் காய்ச்சலும் வீடுதோறும் நுழைந்து குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது.

பாட்டனாருக்குக் கோர்ட்டு வேலை போயிற்று. தாயும் பிள்ளையும் கும்பகோணத்துக்கே திரும்பினார்கள். அங்கே ராமானுஜன் கணக்கில் புலியானதும், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைத் தொடாமல் கல்லூரி உபகாரச் சம்பளத்தை இழந்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதை. இங்கே வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். அதைத்தான் சரித்திரக்காரர்கள் ஒரு வரியில் எழுதித் தாண்டிப் போனார்கள்.

ஒரு வரிச் செய்தி

1906-ம் ஆண்டு. ராமானுஜன் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். சில மாதங்களுக்குள் சீதபேதி கண்டது. வயிற்றைப் பிசைந்தெடுக்கும் வலி, சீதமும் இரத்தமுமாகப் போக்கு. படிப்பைப் போட்டுவிட்டுக் கும்பகோணத்துக்குப் போய்த் தாயாரிடம் படுத்துக்கொண்டார். மாதக் கணக்கில் ஓய்வு எடுத்தார். போக்கு நின்றது, நடமாடினார். நோய் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் தனியாகப் பரீட்சைக்குப் போய்த் தோற்றும் வந்தார்.

இந்தியாவை விட்டுப் புறப்படுவதற்கு முன்பு அவருக்கு இரண்டு முறை சீதபேதி கண்டதாகத் தெரிகிறது. நம் நாட்டில் சீதபேதி வராதவர் யார்? மோரும் கஞ்சியும் குடித்துப் படுத்திருந்தால் நின்றுவிடும். அதைப் போய் யாராவது ஞாபகம் வைத்துக்கொள்வார்களா?

1909-ல் ஜானகியோடு கல்யாணம். பெண்ணுக்கு 10 வயது. அதையடுத்து ராமானுஜனுக்கு விரையில் நீர் கட்டிக்கொண்டது. நாட்டு வழக்கிலே ஓதம் என்பார்கள். அறுவை சிகிச்சைதான் வழி. வீட்டில் பணம் இல்லை. 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் காசு வாங்காமலே ஆபரேஷன் செய்துவிட்டார். இந்த ஆபரேஷனை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். பல ஆண்டுகள் கழித்து, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், இது திரும்பவும் வந்து குழப்பம் செய்யப் போகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு வேலை தேடிச் சென்னையில் அலைந்தார். அதே ஆண்டில் மறுபடியும் உடம்பு படுத்துக்கொண்டது. இம்முறை பிழைப்போமா என்ற சந்தேகமே அவருக்கு வந்துவிட்டது. ராதாகிருஷ்ண ஐயர் என்ற நண்பரைக் கூப்பிட்டுத் தம் கணக்கு நோட்டுகளை ஒப்படைத்தார். தமக்கு ஏதாவது நேர்ந்தால் பச்சையப்பன் கல்லூரி சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரி ராஸ் துரையிடமோ கொடுத்துவிடும்படி சொன்னார். சொத்து என்று அவரிடம் இருந்தது அந்த நோட்டுகள்தான்.

பிழைத்துக்கொண்டார். 1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் பிரசித்தம். சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச் 17-ந் தேதி நெவாஸா என்ற கப்பலில் சீமைக்குப் புறப்பட்டார்.

கப்பல் ஏறும்போது உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

சீமையில் படுக்கை

ராமானுஜன் கேம்பிரிட்ஜ் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலக யுத்தம் மூண்டது. ஹார்டியும் அவரும் சேர்ந்து கணிதத்தில் செய்த அற்புதங்கள் ஒரு புறம். சாப்பாடு இன்னொரு புறம். ஆசாரம் தவறாத வைஷ்ணவப் பிள்ளை. கல்லூரிச் சாப்பாட்டைத் தொடமாட்டார். அறையிலேயே காஸ் அடுப்பில் சோறு பொங்கி ரசம் வைத்துக்கொள்வார். கணக்கில் மூழ்கிவிட்டால் அதுவும் இல்லை. நாள் முழுவதும் விழித்து எழுதுவதும், பின்பு அடித்துப் போட்டாற்போல் தூங்குவதும் வழக்கமாயின. யுத்தத்தால் பாலுக்கும் பழத்துக்கும் பஞ்சம் வேறு.

1917-ம் ஆண்டு வசந்த காலத்தில் படுத்தார். கேம்பிரிட்ஜிலேயே ஒரு நர்ஸிங் விடுதியில் சேர்த்தார்கள். வயிற்றில் வலி இருக்கிறது, சாப்பாடு ஒழுங்கில்லை. ஆகவே வயிற்றுப் புண் என்று முதலில் கணித்தார்கள். அந்தச் சிகிச்சையால் குணமில்லை. விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. உடம்பு இளைத்தது. வயிற்றுப் புண் என்ற எண்ணத்தைக் கைவிட்டார்கள்.

அப்போது டாக்டர் பேட்டி ஷா என்ற நிபுணர் வந்து பார்த்தார். மற்ற டாக்டர்கள் இன்றைய வலியை மட்டும் கேட்டார்கள். இவர் கெட்டிக்காரர். நோயாளியின் பழைய கதையைக் கிளறினார். இந்தியாவில் ஓர் ஆபரேஷன் நடந்ததா? நடந்தது! மற்ற எந்த டாக்டருக்கும் தெரியாத செய்தி இவருக்குக் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்தச் செய்தி அவரை எங்கே கொண்டுபோய் விட்டது? சென்னையில் அறுத்தெடுத்தது சாதாரண ஓதமாக இராது, புற்றுக் கட்டியாக இருந்திருக்கும், அங்கே டாக்டர்கள் ஏமாந்துவிட்டார்கள், அந்தப் புற்றுதான் இப்போது உள்ளே பரவுகிறது என்று அவர் சந்தேகித்தார். புற்று பரவினால் நோயாளி மாதத்துக்கு மாதம் சரிய வேண்டும். ராமானுஜன் 6 மாதம் போயும் மோசமாகவில்லை. ஆகவே பேட்டி ஷாவே தம் சந்தேகத்தை விலக்கிக்கொண்டார்.

கதவைத் தட்டியவர் அவர் ஒருவர்தான். தட்டிய கதவு பக்கத்து வீட்டுக் கதவாகப் போயிற்று. 1910-ம் ஆண்டு ஆபரேஷன் வரை போனவர் இன்னும் 4 ஆண்டுகள் பின்னே போய், 1906-ன் சீதபேதியைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தச் சீதபேதியிலிருந்து பிறந்த சந்தேகம் என்று டாக்டர்களின் ஊகங்கள் எதிலுமே காணோம். நோயாளியும் வாய் திறந்து சொல்லக் கூடியவர் அல்ல. தம்மைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர். 10 ஆண்டுகளுக்கு முன்பு, மோர்க் கஞ்சியில் நின்றுபோன ஒரு போக்குக்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவர் எப்படிக் கண்டார்?

வயிற்றுப் புண் போயிற்று, புற்று போயிற்று, க்ஷயம் நின்றது. இதற்காக டாக்டர்களை ஏசுவது எளிது. ஆனால் அன்றைய இங்கிலாந்திலே இளம் வயது, இளைப்பு, காய்ச்சல், குளிர் நாட்டில் வாழும் இந்தியர் என்று நான்கும் சேர்ந்தால் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது க்ஷயம்தான். அது எங்கும் இருந்தது. தப்பு, க்ஷயம் என்று சந்தேகித்ததில் இல்லை. அப்படி ஒரு பெயர் வைத்ததும் தேடுவதை நிறுத்திக்கொண்டார்களே, அதில் இருக்கிறது.

திறந்த ஜன்னல்கள்

க்ஷயத்துக்கு அந்நாளில் மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு ஆகிய மூன்றுதான். 1917 இலையுதிர் காலத்தில் மெண்டிப் மலைச் சானட்டோரியத்துக்கு ராமானுஜன் அனுப்பப்பட்டார். அதை நடத்தியவர் ஓர் இந்தியர், டாக்டர் சௌரி முத்து. இதே சௌரி முத்துதான் பிற்பாடு தாய்நாடு திரும்பி, 1928-ல் தாம்பரத்தில் க்ஷயரோகச் சானட்டோரியத்தை நிறுவினார். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஏற்பட்டுவிட்டது.

மெண்டிப்பிலிருந்து டெர்பிஷயரில் மாட்லாக் சானட்டோரியம். அங்கே மாதக் கணக்கில் இருந்தார். பனி கொட்டுகிற நாட்டில் ஜன்னல்களை அகலத் திறந்து வைத்து நோயாளியைப் படுக்க வைப்பார்கள். அதுதான் திறந்த வெளிச் சிகிச்சை. கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு நடுநடுங்கியது. கணப்பு மூட்டக் கேட்டால் அனுமதி இல்லை. கணக்குப் போடும் நாளில் மட்டும் கணப்பு உண்டு என்று வாக்களித்திருந்தார்கள், அந்த நாள் வரவே இல்லை என்று ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கட்டடத்தில் குளிக்கும் அறை ஒன்றுதான் வெதுவெதுப்பாக இருக்கும். காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து எழுதப் போவதாகவும் தெரிவித்தார்.

சாப்பாடும் தகராறு. பாலும் முட்டையும் மாமிசமும் ஊட்டித் தேற்றுகிற இடத்தில் மரக்கறி மட்டும் உண்பவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1918 ஜூனில் ராமலிங்கம் என்ற தமிழர், இங்கிலாந்தில் என்ஜினீயராக இருந்தவர், மாட்லாக்குக்குப் போய்ப் பார்த்தார். நண்பர் படும் பாட்டைக் கண்டு பொறுக்காமல் அவருடைய உடல்நிலை பற்றியும் சாப்பாடு பற்றியும் ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பத்திரமாக இருந்தது நல்லதாயிற்று. பின்னால் துப்புத் துலக்க அது உதவியது.

1918 தொடக்கத்தில் ராமானுஜன் வாழ்வையே வெறுத்து ஒரு விபரீதத்துக்குத் துணிந்ததும் உண்டு. தெய்வாதீனமாகத் தப்பினார். அதே ஆண்டு மே 2-ந் தேதி ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி பெல்லோ ஆனார். கௌரவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கையைத் தேடி வந்தன. நோய் மட்டும் போகவில்லை.

லண்டனில் ஒரு நர்ஸிங் விடுதியில் இருந்தபோது, இரவு வந்தால் காய்ச்சல் ஏறியது. இன்னொரு விடுதி, புட்னியில். அங்கே பார்க்க வந்த ஹார்டி தாம் ஏறி வந்த டாக்ஸியின் எண் 1729 என்று சொல்ல, படுத்தபடியே ராமானுஜன் அந்த எண்ணின் அதிசயத்தை எடுத்து விளக்கிய கதை குழந்தைக்கும் தெரியும். அந்த மனிதருக்கு அப்போது என்ன நோய் என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை!

அந்த 1918 நவம்பரில் உடம்பு கொஞ்சம் தேறியது. எங்கோ மறைவான இடத்திலிருந்து இரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறது, இப்போது அந்த ஊற்று வற்றிவிட்டது, இனிப் பூரண குணம் ஏற்படும் என்று டாக்டர்கள் கருதியதாக ஹார்டி சென்னைக்கு எழுதினார். மறைவான இடம் என்று சொன்னார்களே, அதுவரை சரி. அது எந்த இடம் என்று இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருக்கக்கூடாதா?

தாயகம் திரும்பினார்

1919 மார்ச்சில் ராமானுஜன் பம்பாயில் வந்து இறங்கினார். வரவேற்க வந்தவர்கள் அவரைக் கண்டு திடுக்கிட்டார்கள். சென்னையில் க்ஷயரோக நிபுணர் சந்திரசேகர ஐயர் வைத்தியம் பார்த்தார். சீமையிலிருந்தே க்ஷயம் என்ற பெயரோடு வந்த நோயாளி. இங்கேயும் அந்தப் பெயரே நிலைத்தது. கோடையின் கொடுமைக்குக் காவிரிக் கரையில் கொடுமுடி, பின்பு கும்பகோணம், 1920 தொடக்கத்தில் மீண்டும் சென்னை என்று ஊர் ஊராக மாற்றினார்கள்.

1920 ஜனவரி 12-ந் தேதி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில் தம் வலியைப் பற்றிப் புலம்பல் இல்லை. புதிதாகக் கண்டுபிடித்த ஒருவகைச் சார்புகளைப் பற்றி எழுதியிருந்தார். அவற்றைத் துருவித் துருவி இன்றும் கணித அறிஞர்கள் புது உண்மைகளை எடுக்கிறார்கள். சாவதற்கு 4 நாள் முன்பு வரை எழுதினார் என்று ஜானகி அம்மாள் பின்னாளில் சொன்னார். அந்தக் காகிதங்களில் ஒரு கட்டு கடல் கடந்து போய், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் யாரும் தொடாமல் கிடந்தது. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்ட பிறகே உலகுக்குத் தெரிந்தது. எல்லாம் நோயாளியின் கையெழுத்து!

74 ஆண்டுகளுக்குப் பிறகு

ராமானுஜனின் நோயைப் பற்றி முதலில் கவலைப்பட்டுக் கடிதங்களைச் சேகரித்தவர் ஒரு டாக்டர் அல்ல, ராபர்ட் ராங்கின் என்ற கிளாஸ்கோ கணிதப் பேராசிரியர். 1984-ல் ராமானுஜனை ஒரு நோயாளியாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அடுத்து 1994-ல் டாக்டர் யங் என்ற ஆங்கிலேயர் ஹார்டியின் கடிதங்கள், ராமலிங்கத்தின் கடிதம் முதலிய எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, துப்பறியும் இன்ஸ்பெக்டரைப் போல் ஆராய்ந்தார். அவர் கட்டுரையை வெளியிட்டது யார்? ராமானுஜனை அங்கத்தினராக ஏற்ற அதே ராயல் சொஸைட்டியின் சஞ்சிகை.

க்ஷயத்தின் கதையோடு ராமானுஜனின் கதை பொருந்தவில்லை. வந்து வந்து போகும் காய்ச்சல், இடையிடையே நல்ல குணம், பின்பு மறுபடி படுக்கை, வயிற்று வலி. இவற்றுக்கெல்லாம் முன்னால் இந்தியாவில் இருமுறை சீதபேதி. யங் சொன்ன தீர்ப்பு: ஈரலில் குடிகொண்ட அமீபா நோய்!

அது என்ன நோய்? கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் அமீபா. ருஷ்யாவில் லோஷ் என்பவர் 1875-ல் ஒரு சீதபேதி நோயாளியிடம் கண்டுபிடித்தார். அசுத்தமான தண்ணீரில், கழுவாத காய்கறியில், ஈ மொய்த்த பண்டத்தில் இதன் விதைகள் உண்டு. வயிற்றுக்குள் போய்க் குடல் சுவரைத் துளைத்துப் புண்ணாக்கும். அதுதான் சீதபேதி. போக்கு நின்றதும் நோய் தீர்ந்தது என்று மனிதன் எண்ணுகிறான். சிலருக்கு அப்படி அல்ல. குடலிலிருந்து இரத்தக் குழாய் வழியாக அமீபா ஈரலுக்குப் போய் ஒளிந்துகொள்ளும். மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில், வெளியே எந்த அறிகுறியும் இராது. பிறகு ஒரு நாள் ஈரலில் சீழ் கட்டும். கட்டியைத் திறந்தால் செங்கல்லைக் கரைத்தாற்போன்ற பழுப்புச் சேறு வரும்.

அப்போது காய்ச்சல், குளிர், இரவில் வியர்வை, உடம்பு கரைதல். வலது விலாவுக்குக் கீழே வலி. சிலருக்கு வலி தோளில் தெரியும். ஈரலுக்கு மேலே உள்ள உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் வந்த மாயம் இது. இவ்வளவும் நடக்கும்போது பேதி இராது! ஆகவே நோயாளிக்கும் நினைவு வராது, கேட்காத டாக்டருக்கும் தெரியாது. வயிற்று வலிக்குக் காரணங்கள் நூறு உண்டு. வயிற்றை மட்டும் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதவற்றுள் இது ஒன்று. பத்தாண்டுக்கு முந்தைய கதையைக் கேட்டால்தான் நூல் முனை கிடைக்கும்.

யங் சொன்னது நிரூபணம் ஆன சங்கதி அல்ல. ராமானுஜனின் ஈரலைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் கிடைத்திருக்கிற துப்புகளுக்கெல்லாம் பொருந்துகிற ஒரே கதை போல அது இருக்கிறது. அறிஞர்களில் பெரும்பாலோர் இன்று அதையே சொல்கிறார்கள்.

மருந்து எங்கே இருந்தது?

இதற்கு மேல்தான் நெஞ்சைப் பிசையும் விஷயம். அந்த நோய்க்கு அப்போதே மருந்து இருந்தது. அதுவும் இந்தியாவிலே கண்ட மருந்து!

பிரேசில் காட்டில் விளையும் இப்பிகாக் என்ற வேரைச் சீதபேதிக்குக் கொடுப்பது பழைய வழக்கம். ஆனால் அது வாந்தியாக வெளியே வந்துவிடும். வேருக்குள் இருக்கும் சத்தின் பெயர் எமட்டீன். அது அமீபாவைக் கொல்கிறது என்று வெடர் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் மணிலாவில் கண்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த லியனார்ட் ராஜர்ஸ் 1912-ல் அந்தச் சத்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். உயிருக்கு ஊசலாடியவர்கள் சில நாளில் எழுந்து உட்கார்ந்தார்கள். ஈரலில் சீழ் கட்டுமுன் ஊசி போட்டால் கட்டியே வராது. கட்டிவிட்டாலும் சீழை வெளியேற்றி ஊசி போட்டுப் பிழைக்க வைக்கலாம். அந்த மருந்து இதயத்துக்குக் கெடுதல் செய்யும், அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் என்ன? உயிர் நிற்கும்.

ராஜர்ஸ் இதைக் கல்கத்தாவில் செய்த ஆண்டில் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. ராஜர்ஸ் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானது 1916-ல். ராமானுஜன் ஆனது 1918-ல். ஒரே சபையின் பெயர்ப்பட்டியலில் நோயாளி பெயரும் இருந்தது, மருந்து கண்டவர் பெயரும் இருந்தது.

இன்னும் கேளுங்கள். அந்த யுத்தத்தில் கலிபோலியிலும் மெசபடோமியாவிலும் போரிட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் பலரை அமீபாச் சீதபேதி பிடித்தது. அவர்கள் கப்பல் கப்பலாக இங்கிலாந்து வந்து எமட்டீனால் குணமாகி வீடு போனார்கள். வெப்ப நாட்டு நோய்களுக்கென்றே லண்டனில் 1899 முதல் ஒரு மருத்துவப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. ராமானுஜன் படுத்திருந்த லண்டன் விடுதிகளுக்கும் அதற்கும் டாக்ஸி தூரம்தான்! சிப்பாய்க்குச் சீதபேதி என்பது யாவரும் அறிந்த விஷயம். கேம்பிரிட்ஜ் கணித நிபுணரிடம் அதைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

இன்று அதே நோயோடு ஒருவர் காஞ்சிபுரம் அரசு ஆஸ்பத்திரிக்கோ சென்னைப் பொது மருத்துவமனைக்கோ போனால் கதை வேறு. வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்ததும் ஈரல் கட்டி திரையில் தெரிந்துவிடும். 1960-களில் வழக்கத்துக்கு வந்த மெட்ரோனிடசோல் மாத்திரை சில ரூபாய் விலைதான். கட்டி பெரிதாக இருந்தால் ஊசியால் சீழை எடுத்துவிடுவார்கள். பத்து, பதினைந்து நாளில் நோயாளி வேலைக்குப் போவார்.

ஆனால் ஸ்கேன் கருவியும் மாத்திரையும் இல்லாமலே 1918-ல் ராமானுஜனைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதுதான் கஷ்டமான உண்மை. இரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணுவது அன்றும் உண்டு. எக்ஸ்ரே உண்டு. எமட்டீன் ஊசி உண்டு. சந்தேகம் வந்திருந்தால், சோதனைக்காகவேனும் சில ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம். அந்தச் சந்தேகம் ஒன்றுதான் இல்லாமல் போயிற்று. 5 நாளோ 10 நாளோ பிடிக்கக்கூடிய சிகிச்சைக்குப் பதிலாக, 3 ஆண்டுகள் அந்த உடம்பு குளிரிலும் வலியிலும் கிடந்து கரைந்தது.

ஜானகி அம்மாள் கணவர் போன பிறகு 74 ஆண்டுகள் வாழ்ந்தார். தையல் வேலை செய்தும், கிடைத்த பென்ஷனைக் கொண்டும் திருவல்லிக்கேணியில் காலம் கழித்தார். பார்க்க வந்தவர்களிடம் அந்தக் கடைசி நாட்களைச் சொல்வார். ஒத்தடம் கொடுத்ததைச் சொல்வார், காகிதம் கேட்டதைச் சொல்வார். 1994 ஏப்ரலில் அவர் காலமானார். டாக்டர் யங்கின் கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.